டேண்டன் டிஎம்100-2 பிளாப்பி டிரைவ்: மோட்டார் திடீரென வேகமெடுக்கிறது, சோதனையை எங்கிருந்து தொடங்குவது?

கொங்குக்கணினி (கோவை)

அமெரிக்காவில் பணியாற்றிய என் பெரியப்பா ஊர் திரும்பியபோது கொண்டுவந்த ஐபிஎம் 5150 கணினி இப்போது என்னிடம் இருக்கிறது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக 120 வோல்ட் கொடுத்து இயக்குகிறேன். அதில் முழு உயரம் கொண்ட டேண்டன் டிஎம்100-2 டிரைவ்கள் இரண்டு உள்ளன. பி டிரைவில் குறையேதும் இல்லை. ஏ டிரைவ்தான் தொல்லை தருகிறது.

மோட்டார் வழக்கம்போல் சுழலத் தொடங்குகிறது, வட்டும் வாசிக்கப்படுகிறது. ஆனால் சற்று நேரத்தில் அதன் ஓசை திடீரென உச்சத்துக்கு ஏறி, கீச்சென்ற ஒலியுடன் மிக வேகமாக ஓடுகிறது. அந்த நேரத்தில் திரையில் வாசிப்புப் பிழை வந்துவிடுகிறது. டிரைவின் பின்பக்கத்தை விரலால் தட்டினால் சில வேளைகளில் பழைய வேகத்துக்கே திரும்பிவிடுகிறது. இயல்பான வேகத்தில் ஓடும்போதும் அது சீராக இல்லை. வட்டின் வேகத்தையும் காட்டும் இமேஜ்டிஸ்க் நிரலில் பார்த்தால் நிமிடத்துக்கு 300 சுற்று என்ற அளவுக்கு மேலும் கீழுமாக அலைகிறது.

இரண்டு டிரைவ்களையும் இடம் மாற்றி, கேபிளின் கடைசி டிரைவில் இருக்க வேண்டிய டெர்மினேட்டர் ரெசிஸ்டரையும் மாற்றிப் பொருத்திப் பார்த்துவிட்டேன். குறை அந்த டிரைவோடுதான் போகிறது என்பதால் கன்ட்ரோலர் அட்டையையும் கேபிளையும் சந்தேகிக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பின்பக்க சர்வோ போர்டில், வேகத்தை அமைக்கும் டிரிம்பாட் என்ற திருகு ரெசிஸ்டரின் மீதிருந்த அரக்கு ஏற்கெனவே உடைந்திருக்கிறது. எனக்கு முன்னர் யாரோ அதைத் திருகியிருக்கிறார்கள். நானும் அதைத் திருகிப் பார்க்கலாமா, அல்லது மோட்டாரையே மாற்ற வேண்டுமா? பெரியப்பா வேர்ட்ஸ்டார் என்ற பழைய எழுத்து நிரலில் எழுதிய கோப்புகள் உள்ள வட்டுகளை வாசிப்பதுதான் நோக்கம்.

சுருள்கம்பி (கோவை)

அமெரிக்க இயந்திரங்கள் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டவை. நீங்கள் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்டேஜைத்தான் குறைத்திருக்கிறீர்கள், ஹெர்ட்ஸ் 50 ஆகவேதான் இருக்கும். மோட்டார் தடுமாறுவதற்கு அது காரணமாக இருக்கலாம். அதுவும் இல்லையென்றால் பீளமேட்டுப் பக்கம் பம்ப் மோட்டார் ரீவைண்டிங் செய்பவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். நம் ஊரில் கட்ட முடியாத சுருள் என்று ஒன்று இல்லை.

தாமிரக்கம்பி (சென்னை)

நண்பர் சுருள்கம்பி சொல்வது 8 அங்குல டிரைவ்களுக்குப் பொருந்தும். ஷுகார்ட் எஸ்ஏ800 போன்றவற்றில் வட்டைச் சுழற்றியது நேரடியாக ஏசி மின்சாரத்தில் ஓடும் மோட்டார். அதனால் 50 ஹெர்ட்ஸ் நாடுகளில் புல்லியையும் பெல்ட்டையும் மாற்றியாக வேண்டியிருந்தது. 5.25 அங்குல டிரைவ் வந்தபோது அந்தக் கட்டாயம் போய்விட்டது. டிஎம்100-2 டிரைவில் இருப்பது 12 வோல்ட் டிசி மோட்டார். 5150 இன் 63.5 வாட் பவர் சப்ளையோ ஸ்விட்ச் மோட் வகையைச் சேர்ந்தது. வரும் ஏசியை அது முதலில் டிசியாக மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்குகிறது என்பதால், சுவரில் வருவது 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்பது மோட்டாரைச் சென்று சேர்வதே இல்லை.

ரீவைண்டிங் யோசனையையும் தள்ளிவையுங்கள். இந்த மோட்டாரின் கூட்டுக்குள்ளேயே வேகத்தை அளக்கும் டேக்கோ சுருளும் இருக்கிறது. கூட்டைப் பிரித்தால் பிரஷ்கள் தெறித்துவிடும், அவற்றைத் திரும்ப உட்கார வைப்பது பெரும்பாடு. அதைவிட முக்கியமாக, சுருள் எரிந்த மோட்டார் சுற்றாமல் நின்றுபோகும் அல்லது சூடாகித் திணறும். கூடுதல் வேகத்தில் ஓடாது. உங்கள் மோட்டார் ஓடத் தெரியாமல் ஓடவில்லை. நிறுத்தச் சொல்ல ஆள் இல்லாமல் ஓடுகிறது.

டேக்கோ சுருள், மோட்டார் சுழலும் வேகத்துக்கு ஏற்ற அதிர்வெண்ணில் ஒரு சிறிய ஏசி சிக்னலை உருவாக்குகிறது. சர்வோ போர்டு அதைப் படித்து, டிரிம்பாட் குறிக்கும் வேகத்தோடு ஒப்பிட்டு, குறைவாக இருந்தால் மோட்டாருக்கு அதிக வோல்டேஜும் கூடுதலாக இருந்தால் குறைந்த வோல்டேஜும் கொடுக்கிறது. டேக்கோ சிக்னல் அறுந்துபோனால் போர்டின் கணக்குப்படி மோட்டார் நின்றிருக்கிறது, ஆகவே கையில் இருக்கும் வோல்டேஜ் முழுவதையும் கொட்டுகிறது. பின்பக்கம் தட்டினால் சரியாகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். டேக்கோவின் கம்பி வந்து சேரும் சர்வோ போர்டும் அதே பின்பக்கத்தில்தான் இருக்கிறது.

இவ்வளவும் ஊகம்தான், அளந்தால்தான் உறுதியாகும். முதலில் டிரிம்பாட்டைத் தொடாதீர்கள். குறை இருக்கும்போது அதைத் திருகினால், குறையோடு சேர்த்து வேகத்தை 300 க்குக் கொண்டுவந்துவிடலாம். பிறகு உண்மையான குறை நீங்கும் நாளில் வேகம் தவறிப்போய்விடும், எது கெட்டது என்பதும் தெரியாமல் போய்விடும். டிரைவைக் கணினியிலிருந்து வெளியே எடுத்து மேசையில் வையுங்கள். பவர் கனெக்டரில் முதல் கம்பியில் 12 வோல்ட், நடுவில் இரண்டு கிரவுண்ட், நான்காவதில் 5 வோல்ட். 34 முனைக் கனெக்டரில் ஒற்றைப்படை முனைகள் அனைத்தும் கிரவுண்ட். 16 ஆம் முனையைக் கிரவுண்டோடு இணைத்தால் கணினி இல்லாமலேயே மோட்டார் சுழலும். வேகமெடுக்கும் நேரத்தில் 12 வோல்ட் அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, டேக்கோவின் அதிர்வெண்ணையும், வட்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வரும் இண்டெக்ஸ் துடிப்பையும் ஒரே நேரத்தில் அளந்து ஒப்பிடுங்கள். இண்டெக்ஸ் துடிப்பு 8 ஆம் முனையில் கிடைக்கும். டிரைவ் தேர்வு முனையையும் கிரவுண்ட் செய்தால்தான் அது வெளியே வரும், டெர்மினேட்டரோ வேறு புல்-அப் ரெசிஸ்டரோ இருக்க வேண்டும், வட்டும் உள்ளே இருக்க வேண்டும். இழந்தால் வருத்தப்படாத ஒரு வட்டை மட்டும் போடுங்கள். 300 சுற்று என்பது வினாடிக்கு 5 சுற்று, அதாவது 200 மில்லி வினாடிக்கு ஒரு துடிப்பு. டேக்கோ மோட்டாரின் வேகத்தைச் சொல்கிறது, இண்டெக்ஸ் வட்டின் வேகத்தைச் சொல்கிறது, இரண்டுக்கும் இடையில் இருப்பது பெல்ட் மட்டுமே. டேக்கோ அசையாமல் இருந்து இண்டெக்ஸ் அலைந்தால் பெல்ட் வழுக்குகிறது. இரண்டும் சேர்ந்து அலைந்தால் குறை மோட்டாரிலோ சர்வோவிலோ இருக்கிறது. உங்கள் டிரைவில் இரண்டு குறைகளும் ஒன்றாக இருக்கக்கூடும் என்பது என் சந்தேகம். திடீர் வேகம் ஒரு நோய், இயல்பு வேகத்தில் அலைவது இன்னொரு நோய்.

பனிப்பாலம் (டொராண்டோ)

ஆசிலோஸ்கோப் இல்லாதவர்கள் டிரைவின் அடிப்பக்கம் சுழலும் பெரிய புல்லியைப் பார்க்கலாம். அதில் இரண்டு வட்டங்களாகக் கோடுகள் அச்சிடப்பட்டிருக்கும். ஒன்று 50 ஹெர்ட்ஸ் விளக்குக்கும் மற்றது 60 ஹெர்ட்ஸ் விளக்குக்கும் உரியது. குழல்விளக்கு மின்சாரத்தின் ஒவ்வோர் அரைச்சுற்றிலும் ஒருமுறை ஒளிர்வதால், கோவையில் அது வினாடிக்கு 100 முறையும் இங்கே டொராண்டோவில் 120 முறையும் மின்னுகிறது. வினாடிக்கு 5 சுற்று என்ற வேகத்தில் கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தோன்ற, கணக்குப்படி அங்கே ஒரு சுற்றுக்கு 20 கோடுகளும் இங்கே 24 கோடுகளும் வேண்டும்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் அமெரிக்கக் குறிப்புகளைப் பார்த்து, 24 கோடுகள் உள்ள வட்டத்தைக் கோவைக் குழல்விளக்கின்கீழ் நிற்க வைத்தால், வேகம் நிமிடத்துக்கு 250 சுற்றாக விழுந்துவிடும். அரக்கை உடைத்தவர் எந்த வட்டத்தைப் பார்த்தார் என்பது யாருக்குத் தெரியும்? இன்னொன்று, விளக்கு சோக் வைத்த பழைய டியூப்லைட்டாக இருக்க வேண்டும். எலக்ட்ரானிக் சோக் மிக உயர்ந்த அதிர்வெண்ணில் இயங்குவதால் அதன் ஒளியில் கோடுகள் நிற்காது. நல்ல எல்இடி விளக்குகள் மின்னுவதே இல்லை.

பழம்பலகை (சேலம்)

இவ்வளவு பாடு எதற்கு? டிரைவுக்குப் பதிலாக ஒரு கோட்டெக் எமுலேட்டரைப் பொருத்திவிட்டால் யுஎஸ்பி பென்டிரைவிலிருந்தே எல்லாம் ஓடும்.

கொங்குக்கணினி (கோவை)

கோட்டெக்கில் பெரியப்பாவின் வட்டுகளைச் செருக முடியாதே.

தாமிரக்கம்பி ஐயா சொன்னபடியே டிரைவை மேசையில் வைத்துச் சோதித்தேன். மோட்டார் கீச்சிடும்போதும் 12 வோல்ட் சிறிதும் இறங்கவில்லை. 16 ஆம் முனை கிரவுண்டில் இருக்கிறவரை மோட்டார் சுழல்கிறது, எடுத்தால் நிற்கிறது. ஆகவே மோட்டார் இயக்கக் கட்டளை போய்ச் சேர்வதில் தடையில்லை. பெல்ட்டைக் கழற்றிவிட்டு வெறும் மோட்டாரை ஓட்டியபோதும் அதே திடீர் வேகம் வந்தது. கல்லூரி ஆய்வகத்திலிருந்து நண்பர் ஒருவர் கொண்டுவந்த ஆசிலோஸ்கோப்பில் டேக்கோ சிக்னலைச் சர்வோ போர்டின் பக்கம் பார்த்தோம். இயல்பாக ஓடும்போது அலைவடிவம் தெளிவாக இருக்கிறது. வேகமெடுக்கும் கணத்தில் அது நெருக்கமான அலையாக மாறவில்லை, வெறும் கோடாகப் படுத்துவிடுகிறது.

தாமிரக்கம்பி (சென்னை)

நல்ல அளவீடு. மோட்டார் உண்மையிலேயே வேகமாகச் சுற்றும்போது டேக்கோவின் அதிர்வெண் உயர்ந்தே ஆக வேண்டும், அலையின் உயரமும் கூட வேண்டும். அது மறைந்துபோகிறது என்றால் சிக்னல் உருவாகாமல் இல்லை, வழியில் அறுபடுகிறது. ஆகவே சர்வோ ஐசியும் டிரைவர் டிரான்சிஸ்டரும் இப்போதைக்குக் குற்றவாளிகள் அல்ல. காதில் விழுந்ததற்கு ஏற்ப அவை சரியாகவே நடந்துகொள்கின்றன.

வழி என்பது நான்கு இடங்கள்: கூட்டுக்குள் இருக்கும் சுருள், அங்கிருந்து வரும் கம்பிகள், கனெக்டரின் உலோக இதழ்கள், கனெக்டர் முனைகள் போர்டில் பற்றவைக்கப்பட்ட இடம். பவரை நிறுத்திவிட்டு மல்டிமீட்டரை ஓம் நிலையில் வையுங்கள். முதலில் கனெக்டரைக் கழற்றி, மோட்டார் பக்கத்து டேக்கோ கம்பிகள் இரண்டுக்கும் இடையே அளந்துகொண்டே கம்பிகளை மெல்ல அசையுங்கள். அளவு துள்ளினால் கம்பி அல்லது சுருள். துள்ளாமல் நின்றால் கனெக்டரைத் திரும்பச் செருகி, போர்டின் அடிப்பக்கச் செப்புத் தடங்களில் அதே அளவை எடுத்துக்கொண்டு கனெக்டரை அசையுங்கள். இரண்டாவது சோதனையில் மட்டும் துள்ளினால் கனெக்டரோ அதன் சால்டரோதான். சால்டரை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள், முனையைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம் தெரியும்.

பழம்பலகை (சேலம்)

கான்டாக்ட் கிளீனரை மோட்டாருக்குள் அடித்துவிட்டால் பிரஷ் அழுக்கும் போய்விடும் அல்லவா? என் டேப் ரெக்கார்டர் மோட்டார்களுக்கு அப்படித்தான் செய்வேன்.

தாமிரக்கம்பி (சென்னை)

பிரஷ் அழுக்காக இருந்தால் மோட்டார் தொடங்கத் தயங்கும், வேகம் விட்டுவிட்டுக் குறையும். இங்கே கூடுகிறது. தேவையில்லாமல் அடிக்கும் கிளீனர் பேரிங்கில் இருக்கும் எண்ணெயையும் கழுவிக்கொண்டு போய்விடும். நாற்பது ஆண்டுகளாக ஊறியிருக்கும் எண்ணெயைத் திரும்ப வைப்பது எளிதன்று. டேப் ரெக்கார்டரில் அது பலித்திருக்கலாம், இங்கே அதற்கு வேலையில்லை.

கொங்குக்கணினி அவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: குறை நீங்கும்வரை வேகமெடுக்கும் நிலையில் மோட்டாரை நீண்ட நேரம் ஓடவிடாதீர்கள். டிரைவர் டிரான்சிஸ்டர் சூடாகும். நல்ல வட்டு உள்ளே இருந்தால் ஹெட்டுக்கும் வட்டுக்கும் இடையே தேய்மானமும் கூடும்.

கொங்குக்கணினி (கோவை)

கிடைத்துவிட்டது. கம்பிகளை அசைத்தபோது அளவு நகரவே இல்லை. கனெக்டரைச் செருகிவிட்டு அசைத்தபோது மீட்டர் அறுந்த நிலைக்கும் சரியான நிலைக்கும் மாறிமாறித் தாவியது. போர்டைக் கழற்றிப் பார்த்தால், டேக்கோ முனைகளில் ஒன்றைச் சுற்றி நீங்கள் சொன்ன அதே கறுப்பு வளையம். முன்பு போர்டைக் கழற்றியவர் கனெக்டரைப் பிடிக்காமல் கம்பியைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும், கனெக்டரின் உடலும் சற்றுச் சாய்ந்திருக்கிறது. பழைய சால்டரை உறிஞ்சி எடுத்துவிட்டு, கனெக்டரை நேராக அழுத்திப் பிடித்து, அந்த வரிசையிலுள்ள எல்லா முனைகளையும் புதிதாகப் பற்றவைத்தேன். இப்போது எவ்வளவு தட்டினாலும் வேகமெடுப்பதில்லை.

ஆனால் நீங்கள் சந்தேகித்த இரண்டாவது நோய் அப்படியே இருக்கிறது. டேக்கோ அலை அசையாமல் நிற்கிறது, இண்டெக்ஸ் இடைவெளியோ 198 இலிருந்து 206 மில்லி வினாடி வரை அலைகிறது. பி டிரைவில் இந்த அலைச்சல் இல்லை. பெல்ட் புதிதாக வாங்க வேண்டுமா?

தாமிரக்கம்பி (சென்னை)

வாங்குவதற்கு முன்னால் துடைத்துப் பாருங்கள். இது தட்டையான பெல்ட். நாளாக ஆக அதன் உள்பக்கம் கண்ணாடிபோல் மினுங்கத் தொடங்கும், மோட்டார் புல்லியிலும் கருமையான படலம் ஒட்டிக்கொள்ளும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த துணியால் புல்லி இரண்டையும், பெல்ட்டின் உள்பக்கத்தையும் துடைத்து, முழுதாக உலரவிட்டு மாட்டுங்கள். பெட்ரோலோ தின்னரோ வேண்டாம், ரப்பர் ஊதிவிடும். பெல்ட்டை மாட்டும் முன்பே பெரிய புல்லியைக் கையால் சுழற்றிவிடுங்கள். அது தடையில்லாமல் சில சுற்றுகள் ஓடி மெல்ல நிற்க வேண்டும். உடனே நின்றால் ஸ்பிண்டில் பேரிங்கின் கிரீஸ் இறுகியிருக்கிறது, அப்போது எந்தப் பெல்ட் போட்டாலும் வழுக்கத்தான் செய்யும்.

வட்டையும் மறந்துவிடாதீர்கள். நம் ஊர் ஈரத்தில் 5.25 அங்குல வட்டுகளில் பூஞ்சை பிடிக்கும்; உறைக்குள் உராய்வு கூடி, நல்ல டிரைவின் மோட்டாரையே இழுத்துப் பிடிக்கும் வட்டுகளும் உண்டு. ஒரே வட்டை இரண்டு டிரைவிலும் போட்டு ஒப்பிட்டால் குறை வட்டுடையதா டிரைவுடையதா என்பது விளங்கிவிடும்.

பனிப்பாலம் (டொராண்டோ)

பிளாப்பி டிரைவை யுஎஸ்பி வழியாக இன்றைய கணினியோடு இணைக்கும் கிரீஸ்வீசல் அட்டை வைத்திருப்பவர்கள் டிரைவை நேரடியாக அதில் இணைத்து, அதன் வேக அளவுக் கட்டளையைப் பயன்படுத்தி இண்டெக்ஸ் இடைவெளியைப் பார்க்கலாம். 12 வோல்ட்டைத் தனியாகக் கொடுக்க வேண்டியிருக்கும். பெரியப்பாவின் வட்டுகளை வாசிக்கவும் அதுவே நல்ல வழி என்பது என் கருத்து. 5150 இன் கன்ட்ரோலர் ஒரு செக்டரைப் படித்தது அல்லது படிக்கவில்லை என்று மட்டும் சொல்லும். கிரீஸ்வீசல் காந்த மாற்றங்களின் நேரத்தையே பதிவு செய்துகொள்வதால், வேகம் சற்றுத் தவறிய நிலையில் எழுதப்பட்ட வட்டிலிருந்தும் பின்னர் நிதானமாகத் தரவை மீட்க முடியும்.

கொங்குக்கணினி (கோவை)

ஸ்பிண்டில் தடையில்லாமல் சுழல்கிறது. பெல்ட்டின் உள்பக்கம் நீங்கள் எழுதியபடியே மினுங்கியது. துடைத்த துணி கறுத்துவிட்டது. இப்போது இண்டெக்ஸ் இடைவெளி 196 மில்லி வினாடியில் ஏறக்குறைய அசையாமல் நிற்கிறது. நிமிடத்துக்கு 306 சுற்று என்று கணக்கு வருகிறது. இனி டிரிம்பாட்டைத் திருகலாமா?

தாமிரக்கம்பி (சென்னை)

இப்போது திருகலாம். இந்த வகை டிரைவ்களுக்கு அனுமதிக்கப்பட்ட விலகல் ஒன்றரை விழுக்காடு, அதாவது 197 இலிருந்து 203 மில்லி வினாடி வரை. நீங்கள் அந்த எல்லைக்குச் சற்று வெளியே நிற்கிறீர்கள். இந்த விலகல் நிலையானது, அலைவதில்லை. எனவே இது உங்களுக்கு முன்னர் அரக்கை உடைத்தவர் விட்டுச்சென்றதாகவே இருக்க வேண்டும். வழுக்கும் பெல்ட்டை ஈடுகட்ட அவர் வேகத்தைக் கூட்டித் திருகியிருக்கலாம்.

டிரைவைச் சற்று நேரம் ஓடவிட்டுச் சூடேறிய பிறகு, பழைய வட்டு ஒன்று உள்ளே இருக்கும்போது, உலோகமல்லாத திருப்புளியால் மிகச் சிறிதளவாகத் திருகி 200 க்குக் கொண்டுவாருங்கள். திருகும்போது இடைவெளி தாறுமாறாகத் துள்ளினால் டிரிம்பாட்டின் உள்தடம் தேய்ந்திருக்கிறது; அதே மதிப்புள்ள புதியதை வாங்கிப் போட்டுவிடுங்கள், விலை சில ரூபாய்தான். சரியான இடம் கிடைத்ததும் நகப்பூச்சு ஒரு துளி வைத்து அசையாமல் செய்யுங்கள்.

கொங்குக்கணினி (கோவை)

டிரிம்பாட் நன்றாகவே இருக்கிறது. 200 இல் நிறுத்திப் பூசிவிட்டேன். டிரைவைக் கணினியில் மாட்டி டாஸ் ஏற்றினேன், தடையின்றி ஏறியது. ஒரு கேள்வி மட்டும் மிஞ்சியிருக்கிறது. இந்த டிரைவ் கெட்டிருந்த காலத்தில் பெரியப்பா அதில் எழுதிய வட்டுகளும் இந்தக் கட்டில் இருக்கக்கூடும். அவற்றை இப்போது எந்த டிரைவில் வாசிப்பது?

தாமிரக்கம்பி (சென்னை)

எழுதத் தடை செய்யும் ஒட்டுப்பட்டையை முதலில் எல்லா வட்டுகளின் ஓரத்திலும் ஒட்டுங்கள். பிறகு பி டிரைவில் தொடங்குங்கள், ஏனெனில் அதை யாரும் தொட்டதில்லை. வேகம் ஓரிரு விழுக்காடு தவறி எழுதப்பட்டவற்றைக் கன்ட்ரோலரில் சிக்னலிலிருந்து தரவைப் பிரிக்கும் டேட்டா செப்பரேட்டர் சமாளித்துவிடும். கீச்சிடும் வேகத்தில் எழுதப்பட்ட செக்டர்கள் ஏதேனும் இருந்தால் அவை எந்த டிரைவிலும் பிழையாகத்தான் வரும். அவற்றை மட்டும் தனியாக எடுத்துவைத்து, நண்பர் பனிப்பாலம் சொன்ன கிரீஸ்வீசல் கிடைக்கும்வரை மறுபடி மறுபடி வாசிக்க முயலாமல் இருங்கள். ஒவ்வொரு வட்டுக்கும் பிறகு ஹெட்டைப் பார்த்து, பழுப்பு நிறப் படிவு தெரிந்தால் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள்.